‘ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும்’

2020 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒரு நினைவு ஆராதனை நடந்தது. கொரோனாக் காலம் என்பதால் பெரும்பாலானோர் இணையத்தில்தான் பார்த்தார்கள். அன்றைய துணை அதிபர் மைக் பென்ஸ் நேரில் வந்து, இறந்தவரை மனதாரப் புகழ்ந்து பேசினார். இறந்தவர் ரவி சகரியாஸ். 1946-ல் சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். இருபது வயதில் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர். கடவுள் உண்டா, உலகத்தில் தீமை ஏன் இருக்கிறது, இயேசு மட்டும்தான் வழி என்று எப்படிச் சொல்லலாம் போன்ற கேள்விகளுக்குப் பல்கலைக்கழக மேடைகளில் நின்று தர்க்கத்தோடு பதில் சொல்லிப் பேர் வாங்கியவர்.

நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் ஜெபக்குழு நடத்தும் பிள்ளைகள் பலருக்கு அவர் ஒரு பெருமிதம். நம்மைப் போன்ற நிறம், நம் ஊர்ப் பிறப்பு, ஆனால் ஹார்வர்டில் நின்று பேசுகிறார். படித்தவன் விசுவாசியாக இருக்க முடியாது என்று யாராவது சொன்னால் இவருடைய காணொளி ஒன்றை அனுப்பிவைப்பார்கள். அந்தப் பெருமிதத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பேச்சில் உண்மையாகவே சரக்கு இருந்தது. பின்னால் தெரியவந்தது இத்தனை பேரை இவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தியதற்கு அதுவே காரணம்.

ஒன்பது மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 2021 பிப்ரவரி 11 அன்று, அவர் பெயரையே தாங்கி நின்ற ‘ரவி சகரியாஸ் இன்டர்நேஷனல் மினிஸ்ட்ரீஸ்’ அமைப்பு, ஒரு சட்ட நிறுவனம் நடத்திய விசாரணையின் அறிக்கையை வெளியிட்டது. மொத்தம் 12 பக்கம். 50-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசி எழுதப்பட்டது. முதுகுவலிக்குச் சிகிச்சை என்று அவர் மசாஜ் செய்துகொள்வது வழக்கம். அட்லாண்டா அருகே சில ஸ்பாக்களில் அவர் பங்குதாரராகவும் இருந்தார். அங்கே வேலை செய்தவர்களும் மற்ற மசாஜ் பணியாளர்களும் சொன்ன சாட்சியங்களே அறிக்கையின் பெரும்பகுதி. ஐந்து பேர் தங்களைத் தகாத முறையில் தொட்டார் என்றார்கள். அவர் செய்தது வல்லுறவு என்றே ஒரு பெண் சொன்னார். அவர் பயன்படுத்திய கைபேசிகளில் 200-க்கும் மேற்பட்ட மசாஜ் பணியாளர்களின் தொடர்பு எண்களும், பெண்களின் 200-க்கும் மேற்பட்ட செல்ஃபி படங்களும் இருந்தன. கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவ ஏற்படுத்திய ‘டச் ஆஃப் ஹோப்’ என்ற நிதியிலிருந்து போன பணத்தில் கணிசமான பங்கு, ஒரு காலத்தில் அவருக்கு மசாஜ் செய்தவர்களான நான்கு பெண்களுக்குப் போயிருந்தது. அந்த நிதிக்குக் கொடுத்தவர்கள் ஏழைகளை நினைத்துக் கொடுத்தவர்கள்.

இவற்றையெல்லாம் வாசித்தபோது என் நெஞ்சில் தைத்து நின்றது, இவற்றில் எதுவும் இல்லை. வல்லுறவு என்று சொன்ன அந்தப் பெண்ணின் சாட்சியத்தில் வரும் வேறொரு செய்தி. தமக்குக் கிடைத்த வாய்ப்புக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தன்னோடு ஜெபிக்கச் சொன்னாராம். ஊழியத்தில் பட்ட பாட்டுக்குக் கடவுள் கொடுத்த பரிசு நீ என்றாராம். வெளியே சொன்னால் தன் பெயர் கெடும், பெயர் கெட்டால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் இரட்சிப்பை இழந்துபோகும், அந்தப் பழி உன்மேல் விழும் என்று எச்சரித்தாராம்.

இந்த மிரட்டல் அவளிடம் பலித்ததற்குக் காரணம், அவளுக்கு விசுவாசம் இருந்தது. விசுவாசம் இல்லாத பெண்ணிடம் இது செல்லுபடி ஆகாது. கடவுள்மீது அவளுக்கு இருந்த பயத்தையும், மற்ற மனிதர்களின் ஆத்துமாமீது அவளுக்கு இருந்த அக்கறையையும் கொண்டே அவள் வாய் அடைக்கப்பட்டது. உடலுக்குச் செய்த கொடுமையோடு இதையும் சேர்த்துத்தான் நாம் எடைபோட வேண்டும். அவள் ஜெபிப்பதற்கு இனி எந்த இடத்துக்குப் போவாள்?

இதே வாதத்தை, அட்லாண்டாவுக்கு வெகு தொலைவில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் இன்னொரு கூட்டம் மனிதர்கள் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஜான் ஸ்மித் என்ற வழக்கறிஞர், பெரிய பள்ளிகளின் மாணவர்களுக்காக நடந்த கிறிஸ்தவ முகாம்களில் முன்னணித் தலைவராக இருந்தார். பையன்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்கு அழைத்துப்போய், பாவத்துக்குத் தண்டனை என்று சொல்லி ரத்தம் வருமளவுக்குப் பிரம்பால் அடித்தவர். 1982-லேயே திருச்சபை வட்டாரத்தில் இதுபற்றி ஓர் அறிக்கை எழுதப்பட்டுவிட்டது. அதைப் படித்தவர்கள் போதகர்கள்; நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். போலீசுக்குப் போகவில்லை. இது வெளியே தெரிந்தால் தேவனுடைய வேலைக்குப் பெருஞ்சேதம் வரும் என்று நினைத்ததாக அவர்களில் ஒருவர் பிற்பாடு சொன்னார். ஸ்மித் ஆப்பிரிக்காவுக்குப் போனார். ஜிம்பாப்வேயிலும் முகாம் நடத்தினார். அங்கேயும் பையன்களை அடித்தார். கடைசிவரை எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்காமலே 2018-ல் தென்னாப்பிரிக்காவில் இறந்தார். 2024 நவம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, பாதிக்கப்பட்டவர்கள் 100-க்கும் மேல் என்றது. 2013-ல் தனக்குத் தகவல் வந்தும் போதிய நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காகக் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகல் அறிவித்தார். ஆங்கிலிக்கன் உலகத்தின் தலைமை ஆயர் ஒருவர் இந்தக் காரணத்துக்காக இறங்கியது சாதாரண செய்தி இல்லை.

அட்லாண்டாவில் குற்றம் செய்தவரே அந்த வாதத்தைச் சொன்னார். இங்கிலாந்தில் குற்றத்தில் பங்கில்லாத, பக்தியுள்ள மனிதர்கள் சொன்னார்கள். இரண்டாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஜிம்பாப்வேப் பையன்கள்மேல் விழுந்த அடிக்கு, 1982-ல் அந்த அறிக்கையை மேசைக்குள் வைத்துப் பூட்டியவர்களுக்கும் பொறுப்பு உண்டு.

நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாதத்தின் தமிழ் வடிவம் மனப்பாடம். ‘தேவநாமம் தூஷிக்கப்படும்.’ ‘ஊழியத்துக்கு இடறல் வரும்.’ ‘சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்மா.’ புகாரோடு வருகிற பெண்ணுக்கு முதலில் ஜெபம், அடுத்து மன்னிப்பைப் பற்றி ஒரு வசனம், பிறகு அவள் குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்கும் அடங்காவிட்டால், விசுவாசிகள் வழக்குமன்றம் ஏறக் கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை எடுத்துக் காட்டுவார்கள். பவுல் அங்கே பேசுவது சகோதரருக்குள் வரும் அற்பக் கொடுக்கல் வாங்கல் சண்டைகளைப் பற்றி. குற்றம் செய்கிறவனைத் தண்டிக்க அரசு அதிகாரத்தின் கையில் பட்டயம் இருக்கிறது என்று ரோமருக்கு எழுதியதும் அதே பவுல்தான். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் திருப்புவதில்லை.

‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்பது இன்னொரு கேடயம். சங்கீதத்தில் வரும் அந்த வரி, நாடில்லாமல் அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தை அந்நிய ராஜாக்கள் ஒடுக்காதபடி கடவுள் காத்ததைப் பற்றியது. பலமில்லாதவர்களைப் பலமுள்ளவர்களிடமிருந்து காக்கச் சொன்ன வரி, இன்று ஒலிபெருக்கி கையில் இருப்பவரைக் கேள்வியிலிருந்து காக்கப் பயன்படுகிறது. சவுல் ராஜாவைத் தாவீது தொடவில்லை, உண்மைதான். ஆனால் எந்கேதிக் குகைக்கு வெளியே நின்று, வெட்டியெடுத்த சால்வைத் துண்டைத் தூக்கிக் காட்டி, நீர் எனக்கு அநியாயம் செய்கிறீர் என்று ராஜாவின் படையாட்கள் எல்லாரும் கேட்கச் சொன்னான். கொல்லாமல் விடுவது வேறு, வாய்மூடி இருப்பது வேறு என்று தாவீதுக்குத் தெரிந்திருந்தது.

வேதாகமம் தலைவர்களின் பெயரைக் காப்பாற்றவே முயலவில்லை. தாவீது பத்சேபாளிடம் செய்ததும், அவள் கணவன் உரியாவைக் கொல்ல ஏற்பாடு செய்ததும், மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கின்றன. 51-ஆம் சங்கீதத்தின் தலைப்பிலேயே அந்தச் சம்பவம் குறிக்கப்பட்டு, அந்தப் பாட்டு தேவாலயத்தில் பாடக் கொடுக்கப்பட்டது. பேதுரு மூன்று தடவை மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. அவை எழுதப்பட்ட காலத்தில் திருச்சபை மிகவும் மதித்த பெயர்களில் ஒன்று பேதுருவினுடையது. அந்தியோகியாவில் அதே பேதுரு, புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு நழுவியபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே எதிர்த்தார். அதைக் கடிதத்திலும் எழுதினார். ஊழியத்தின் பெயர் கெடும் என்ற கவலை இவர்களில் ஒருவருக்காவது வந்திருந்தால் நம் கையில் இருக்கும் புத்தகத்தில் பாதி இருந்திருக்காது.

ரவி சகரியாஸ் விஷயத்தில் கேள்வி கேட்டவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. 2017-ல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண், ஆலோசனை தேடிய தன் நம்பிக்கையைப் பயன்படுத்தித் தன்னிடம் அந்தரங்கப் படங்களைப் பெற்றார் என்று சொன்னார். ரவி சகரியாஸ் அவர்மீதும் அவர் கணவர்மீதும், பணம் பறிக்கச் சதி செய்கிறார்கள் என்று வழக்குப் போட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்படி அந்தப் பெண் வெளியில் எதையும் பேசக் கூடாது. ரவி சகரியாஸோ, மனைவி மகள்களைத் தவிர வேறு எந்தப் பெண்ணோடும் காரிலும் உணவகத்திலும்கூடத் தனியாக இருப்பதில்லை என்பது தன் நெடுநாள் வழக்கம் என்று அறிக்கை விட்டார். உலகம் முழுக்க அதை நம்பினோம். அமைப்பின் நிர்வாகக் குழு அவரை நம்பியது. அவருக்கு ஊழிய அங்கீகாரம் தந்திருந்த சபைப் பிரிவும் ஒரு சிறிய விசாரணையோடு நிறுத்திக்கொண்டது. அமைப்புக்குள் சந்தேகம் எழுப்பிய ஊழியர்கள் ஒதுக்கப்பட்டார்கள். நான்கு ஆண்டுகள் அந்தப் பெண் பொய்க்காரி என்ற பெயரோடு வாழ்ந்தார். 2021-ல்தான், அவர் சொன்னது உண்மை என்று தாங்கள் நம்புவதாக அதே நிர்வாகக் குழு எழுதி மன்னிப்புக் கேட்டது.

இன்னொரு கேள்வி அதற்கும் முன்பிருந்தே எழுந்துகொண்டிருந்தது. அவர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போடுவார்கள். அவர் பெற்றவை எல்லாம் கௌரவ டாக்டர் பட்டங்கள். ஆராய்ச்சி செய்து வாங்கியது எதுவும் இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு தனக்கு இருந்ததாகச் சொன்ன தொடர்பும் பெரிதாக்கப்பட்டிருந்தது. இதை விடாமல் துருவியவர் கடவுள் நம்பிக்கை இல்லாத ஓர் அமெரிக்க வழக்கறிஞர். நாத்திகன், வேறென்ன சொல்வான் என்று ஒதுக்கினார்கள். அமைப்போ சத்தம் காட்டாமல் அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் திருத்தியது. ஸ்பாக்களைப் பற்றிய தகவல் 2020-ல் வெளிவருவதற்கும் அந்த நாத்திகரே ஒரு வழி திறந்தார். அதற்குப் பின்பு ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ இதழ் அந்தப் பெண்களைத் தேடிப்போய்ப் பேசிச் செப்டம்பர் மாதம் கட்டுரை வெளியிட்டது. அந்த இதழைத் தொடங்கியவர் பில்லி கிரஹாம் என்பதையும் சொல்லவேண்டும். கிறிஸ்தவப் பத்திரிகை ஒன்றே இதை எழுதியது எனக்கு ஆறுதல் தருகிறது.

சபையின் கண்காணிக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சுமார் 15 தகுதிகள். அவற்றில் திறமை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று, கற்பிக்கத் தெரிந்திருப்பது. மற்றதெல்லாம் குணம்: பண ஆசை இல்லாமை, அடிதடி இல்லாமை, தன் வீட்டை ஒழுங்காக நடத்துவது. கடைசியாக, சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் நல்ல பெயர் இருக்கவேண்டும் என்கிறது. வெளியாரின் சாட்சியம் கேட்டுப் பெறவேண்டிய ஒன்று என்று அதற்கு அர்த்தம். அந்த நாத்திக வழக்கறிஞரின் கேள்விக்குச் சபை காது கொடுத்திருக்கவேண்டியது மரியாதைக்காக மட்டும் இல்லை, வேதமே அதைக் கேட்கிறது.

நாமோ பட்டியலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். பேச்சுத் திறமை, கூட்டம் சேர்க்கும் திறமை, பாட்டு, பணம் திரட்டும் திறமை. இவை இருந்தால் குணமும் இருக்கும் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். ‘இத்தனை பேர் இவரால் இரட்சிக்கப்பட்டிருக்கிறார்களே, கடவுள் இவரோடு இல்லாமலா?’ தம் பெயரில் தீர்க்கதரிசனம் சொல்லிப் பேய்களைத் துரத்தியவர்களிலும் பலரைக் கடைசி நாளில் தாம் அறியேன் என்று சொல்வதாக இயேசுவே மலைப்பிரசங்கத்தில் எச்சரித்திருக்கிறார். வரத்தைப் பார்த்து குணத்தை அனுமானிக்க அவர் இடம் கொடுக்கவில்லை. ‘டாக்டர்’ பட்டம் இல்லாத சுவரொட்டியே நம் ஊரில் அரிதாகிவிட்டது. எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, எதைப் பற்றிய ஆராய்ச்சி என்று சபையார் கேட்பதில்லை. பொய்யைத் தெரிந்தே சகித்துக்கொள்ளும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. தன் பட்டத்தைப் பற்றிப் பொய் சொல்கிறவரிடம் காணிக்கைக் கணக்கில் உண்மையை எதிர்பார்க்க என்ன நியாயம் இருக்கிறது?

தன் மனதைச் சந்தேகப்படத் தெரிந்த தலைவர்களும் இருந்திருக்கிறார்கள். 1948 நவம்பரில் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ என்ற ஊரில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார் பில்லி கிரஹாம். அப்போது அவருக்கு வயது 30. ஊர் ஊராகப் போகும் சுவிசேஷகர்கள் என்றாலே பணத்திலும் பெண் விஷயத்திலும் கெட்டுப்போனவர்கள் என்ற எண்ணம் அமெரிக்காவில் பரவியிருந்த காலம். தன்னோடு இருந்த மூன்று நண்பர்களிடம், தங்களைப் போன்றவர்கள் எதில் எல்லாம் விழுந்திருக்கிறார்கள் என்று தனித்தனியே அறைக்குப் போய் எழுதி வரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. காணிக்கையை உள்ளூர்க் குழுவே கையாளவேண்டும், மனைவியல்லாத பெண்ணோடு தனித்துப் பயணமோ சாப்பாடோ கூடாது, உள்ளூர்ச் சபைகளையும் போதகர்களையும் இழித்துப் பேசக் கூடாது, கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைப் பெரிதாக்கிச் சொல்லக் கூடாது. நான்காவது விதியை இன்று நம் கன்வென்ஷன் பந்தல்களில் யாராவது வாசித்துக் காட்டினால் நன்றாயிருக்கும்.

விதி எழுதியதோடு முடியவில்லை. 1950 கடைசியில் அட்லாண்டாவில் நடந்த கூட்டங்களின் முடிவில், உள்ளூர் நாளிதழ் ஒன்று இரண்டு படங்களைப் போட்டது. ஒன்றில் காணிக்கை மூட்டைகளைச் சுமக்கும் தொண்டர்கள், மற்றதில் சிரித்துக் கையசைத்து விடைபெறும் கிரஹாம். அவர் கூனிக் குறுகிப்போனார். பத்திரிகையைத் திட்டாமல், தனக்குக் காணிக்கையிலிருந்து பங்கு வேண்டாம், ஒரு பெரிய நகரச் சபைப் போதகரின் அளவுக்கு நிர்வாகக் குழு நிர்ணயிக்கும் மாதச் சம்பளம் போதும் என்று மாற்றிக்கொண்டார். பொதுவெளி கேட்ட கேள்வியை அவர் திருத்தமாக ஏற்றுக்கொண்டார்.

அவரும் பிழையில்லாதவர் கிடையாது. 1977-ல் அவர் அமைப்போடு சேர்ந்த ஒரு நிதியில் 2 கோடிக்கும் மேற்பட்ட டாலர் இருப்பது பொதுவெளிக்குத் தெரியவராமல் இருந்ததை இன்னொரு நாளிதழ் எழுதியது. அதற்குப் பிறகே கணக்குகள் முழுதாக வெளியிடப்பட்டன. 1972-ல் அதிபர் நிக்சனோடு பேசியபோது யூதர்களைப் பற்றி அவர் சொன்ன இழிவான வார்த்தைகள் ஒலிநாடாவில் பதிவாகி, 2002-ல் வெளியாயின. 83 வயதில் யூதத் தலைவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பெண்களோடு தனித்திருக்கக் கூடாது என்ற அவர் விதியில்கூட எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அது பெண்ணை ஆபத்தாகப் பார்க்கிறது. பெண் ஊழியர்களைத் தலைமையின் அறைக்கு வெளியே நிறுத்திவைக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த விதியைத் தான் கைக்கொள்வதாகச் சொன்னவர்தான் ரவி சகரியாஸ். 1983-ல் ஆம்ஸ்டர்டாமில் கிரஹாம் கூட்டிய சுவிசேஷகர் மாநாட்டின் மேடையில் பேசி அறிமுகமாகி, அடுத்த ஆண்டே தன் அமைப்பைத் தொடங்கியவர் அவர். மொடெஸ்டோவின் விதி அவர் வாயில் இருந்தது. அதைக் கைக்கொள்கிறாரா என்று சரிபார்க்க மனிதர் யாரும் இல்லை.

அவர் அமைப்பு எப்படி இருந்தது என்று பாருங்கள். அவர் பெயரே அமைப்பின் பெயர். மகள் தலைமைச் செயல் அதிகாரி. நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே வெளியில் தெரியாது. சட்டப்படி திருச்சபைக்குச் சமமாகப் பதிவு செய்துகொண்டதால், மற்ற அறக்கட்டளைகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டிய ஆண்டுக் கணக்கு விவரங்களை இவர்கள் வைக்கவேண்டியதில்லை. இதில் எதுவும் சட்டவிரோதம் இல்லை. பவுலோ, எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைக் கொண்டுபோகத் தன்னோடு சபைகளே தேர்ந்தெடுத்த இன்னொரு சகோதரரையும் அனுப்பச் செய்தார். கடவுளுக்கு முன்பாக மட்டும் இல்லை, மனிதருக்கு முன்பாகவும் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்பது அவர் கொரிந்தியருக்குத் தந்த விளக்கம். பவுலே தன்னை நம்பி விடச் சொல்லவில்லை.

நம் நாட்டின் சுயாதீன ஊழியங்கள் பலவற்றில் அப்பா நிறுவனர், அம்மா பொருளாளர், மகன் செயலாளர், மருமகள் ஆராதனைத் தலைவி என்ற அமைப்பு சகஜம். பழைய பெரிய திருமண்டலங்களில் வேறு கதை; அங்கே தேர்தல் உண்டு, விதிப்புத்தகம் உண்டு, நீதிமன்ற வழக்குகளும் உண்டு. எங்கேயானாலும் காணிக்கை போடுகிற விசுவாசி கேட்கத் தகுந்த கேள்விகள் எளிமையானவைதான். உறவினர் அல்லாதவர் எத்தனை பேர் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள்? தணிக்கை செய்யப்பட்ட கணக்கு எந்தத் தேதியில் சபைக்கு முன் வைக்கப்படும்? போதகர்மேலேயே புகார் என்றால் யாரிடம் கொடுப்பது? மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘போதகரிடமே’ என்றால், அங்கே புகார் கொடுக்க இடமே இல்லை.

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் பெரும்பாலோர் வெள்ளையர். நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த 35 வயது வேதநாயகம் சாமுவேல் அசரியா மேடையேறி, மிஷனெரிமார் இந்திய ஊழியரைச் சமமானவராக, நண்பராக நடத்துவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அரங்கம் சங்கடப்பட்டது. சிலருக்குக் கோபமும் வந்தது. ஆனால் இரண்டரை ஆண்டுகளில், 1912 டிசம்பரில், கல்கத்தாவில் அதே அசரியாவைத் தோர்ணக்கல் ஆயராக அபிஷேகம் செய்தார்கள். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் அவர். தன்னைக் கடிந்துகொண்டவரைத் தலைவராக்கிய ஒரு சபை நம் வரலாற்றிலேயே இருந்திருக்கிறது.

உண்மையைத் தானே தோண்டியெடுத்த அமைப்பும் ஒன்று உண்டு. மனவளர்ச்சி குன்றியவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் ‘லார்ஷ்’ இல்லங்களை 1964-ல் பிரான்சில் தொடங்கியவர் ஜான் வனியே. இந்தியாவில் ‘ஆஷா நிகேதன்’ என்ற பெயரில் நடக்கும் இல்லங்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சென்னையிலும் ஒன்று உண்டு. 2019-ல் வனியே இறந்தபோது அவரைப் புனிதர் என்றே பலர் பேசினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில், ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் ஆறு பெண்களை அவர் பாலியல் ரீதியாகப் பயன்படுத்தினார் என்ற அறிக்கையை ‘லார்ஷ்’ அமைப்பே வெளியிட்டது. அதோடு விடவில்லை. வரலாறு, சமூகவியல், உளவியல், இறையியல் அறிஞர்களைக் கொண்ட குழுவுக்குத் தன் ஆவணங்களைத் திறந்துவிட்டது. 2023 ஜனவரியில் 800 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கை வந்தது. பெண்களின் எண்ணிக்கை குறைந்தது 25 என்று அதில் தெரிந்தது. ஊழியத்தின் பெயர் கெட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இல்லங்கள் இன்றும் இயங்குகின்றன. அவற்றில் வாழ்கிறவர்களுக்குக் காலையில் சாப்பாடு கொடுத்து, முகம் கழுவி, கூட உட்கார்ந்து பேச இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். கேள்விகளைத் தடுத்த ரவி சகரியாஸின் அமைப்போ, 2021-லேயே சுவிசேஷப் பணியை நிறுத்துவதாக அறிவித்தது. பிரிட்டன் கிளை பிரிந்துபோனது. பதிப்பாளர்கள் புத்தகங்களைத் திரும்பப் பெற்றார்கள். அவருக்கு அங்கீகாரம் தந்திருந்த சபைப் பிரிவு, இறந்தவரின் ஊழியப் பொறுப்பை ரத்து செய்தது. எந்தப் பெயரைக் காப்பதற்காக அந்தப் பெண்ணின் வாயைக் கட்டினார்களோ அந்தப் பெயர் மிஞ்சவில்லை.

இந்தியச் சபைகள் கடைசியாக நினைவில் வைக்கவேண்டிய சட்ட விஷயம் ஒன்று உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சபை அலுவலகத்துக்கும், சபை நடத்தும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும், ஊழிய அறக்கட்டளைக்கும் பொருந்தும். பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்கவேண்டும். உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் இருக்கவேண்டும். சம்பளம் வாங்காமல் தொண்டாக வேலை செய்கிறவரையும் சட்டம் பணியாளராகவே கருதுகிறது. பிள்ளைகள் விஷயம் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம்: தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஞாயிறுபள்ளி ஆசிரியருக்கும் போதகருக்கும் இது ஒன்றுதான். கத்தோலிக்கத் திருச்சபையில் 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, இத்தகைய குற்றம் தெரிந்த குருவானவரும் துறவியரும் தங்கள் மேலதிகாரிக்குத் தெரிவித்தே தீரவேண்டும். ஆயர்மேல் வரும் புகாருக்கும் தனி வழி அதில் இருக்கிறது.

ஒரு பெண்ணோ பிள்ளையோ சபையின் மூப்பர் ஒருவரிடம் வந்து, ஒரு தலைவரைப் பற்றி இப்படி ஒன்றைச் சொன்னால், முதலில் அவர் முழுதாகக் கேட்கவேண்டும். சொன்னதைத் தேதி போட்டு எழுதிவைக்கவேண்டும். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஜெபிக்கச் சொல்லக் கூடாது. மன்னித்துவிடு என்று அவளிடம் சொல்லக் கூடாது. மன்னிப்பது அவள் பாடு, அவளுக்குத் தோன்றும் காலத்தில். குற்றம் என்றால் காவல் நிலையத்துக்கு அவளோடு கூடப்போகவேண்டும். விசாரணை முடியும்வரை அந்தத் தலைவர் மேடையில் ஏறக் கூடாது. பொய்ப் புகார் வராதா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: விசாரணை என்பது அதைக் கண்டுபிடிப்பதற்கும் சேர்த்துத்தான். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் செய்ய வேறு ஒருவர் கிடைப்பார்.